நான் பார்க்காத மூன்று டப்பாக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அறுபது வயது முடிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதி அது. உண்மையான தேதி என் நைனாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வாத்தியார் போட்ட தேதி மாங்காய் சீசனுக்கு நட்டநடுவில் விழுந்துவிட்டது. அதனால் வேலையில் இருந்தவரை ஒவ்வொரு பிறந்தநாளும் மாம்பழக்கூழ் பேக்டரியில் நின்றபடியே போய்விட்டது. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாகத்தான் பிறந்தநாளை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

சித்தூரில் என் பழைய பேக்டரி லேப்பில் வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் பஸ் ஏறி, கேக்கைக் கவிழாமல் மடியில் வைத்துக்கொண்டு, குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் புவனா துடுக்கானவள். கேக் வெட்டி முடித்ததும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மேடம், உங்க காலத்துல நம்ம பேக்டரியிலர்ந்து போன ஒரு கன்டெய்னர் கூட ரிட்டர்ன் வர்ல. உங்க சாதனை இன்னா, லட்சியம் இன்னான்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

நான் போனைப் பார்த்துச் சிரித்து, "எல்லாரும் நல்லா இருங்க" என்றேன். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

புவனா சொன்னது உண்மைதான். ஒரு கன்டெய்னர்கூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் ஒரு வருஷம் அது ஏன் திரும்பி வரவில்லை என்ற கதை தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்களில் கெமிஸ்ட் சாரும் முதலாளியும் இப்போது உயிரோடு இல்லை; பாக்கி இருப்பவர்கள் இதைப் பேசுவதில்லை. நானும் சொல்லாமல் போனால், நான் பிறக்கும்போதே ஜாக்கிரதையாகப் பிறந்தவள் என்று இந்தப் பெண்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் ஆந்திராவின் குடுபல்லி மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன கிராமம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எட்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். பிறகு கல்யாணம், பிறகு மகள் கவிதா. என் வீட்டுக்காரர் முருகேசன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார். திங்கட்கிழமை ரயிலில் போனால் சனிக்கிழமை வருவார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அந்த ரயிலில்தான் இருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் பேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. வெளிநாட்டுக்கு அனுப்ப வழி திறந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மே மாதக் கடைசியில் மேஸ்திரி டெம்போ கொண்டுவருவார். இருபது பெண்கள் ஏறுவோம். ஜூலை முடியும்வரை பேக்டரி ஷெட்டில் தங்கல். பழம் நின்றதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் இரண்டு சீசன் கத்தி வேலை. தோத்தாபுரிப் பழத்தின் காம்புப் பக்கத்தைச் சீவ வேண்டும். மாங்காய்ப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். மூன்றாவது சீசனில் ஒருநாள் கெமிஸ்ட் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, புள்ளி வைத்த எண்ணை வாசிக்க யாருக்குத் தெரியும் என்று கேட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். அன்றைக்கே என்னை சீமர் டேபிளுக்கு மாற்றினார்.

அவர் பெயர் சீனிவாசுலு. திருப்பதிக்காரர். சர்க்கரை வியாதி உள்ளவர். ஆனாலும் மணிக்கு ஒரு தரம் ஒரு ஸ்பூன் கூழை நாக்கில் வைத்துப் பார்த்து, உடனே துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வருவார். செருப்பை லேப் வாசலில் விடுவார். கையைக் கழுவாமல் எதையும் தொட மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் ஒரு ரீடிங் சொன்னால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "மள்ளீ சூடு" என்பார். மறுபடி பார் என்று அர்த்தம். முதல் தடவை சரியாகப் பார்த்திருந்தாலும் அதே "மள்ளீ சூடு"தான். ஆரம்பத்தில் அழுகை வரும். போகப் போக, அவர் சொல்வதற்கு முன்னாலேயே நானே மறுபடி பார்க்கப் பழகிவிட்டேன்.

சீமர் என்பது டப்பாவுக்கு மூடி போட்டு விளிம்பை மடித்து இறுக்கும் மெஷின். எங்களுடையதில் நான்கு தலைகள். வரிசையாக வரும் டப்பாக்களை ஒவ்வொரு தலையும் ஒவ்வொன்றாக எடுத்து மூடும். அரை மணிக்கு ஒரு தரம், தொடர்ந்து வருகிற நான்கு டப்பாக்களை எடுக்க வேண்டும். அப்போதுதான் நான்கு தலையும் சோதனைக்குள் வரும். விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்து, பிறகு அறுத்து, மடிப்பைப் பிரித்து, மூடியின் கொக்கியும் டப்பாவின் கொக்கியும் எவ்வளவு தூரம் ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றன என்று மைக்ரோமீட்டரில் அளந்து எழுத வேண்டும். கவ்வல் குறைந்தால் உள்ளே காற்று போகும். காற்று போனால் கூழ் புளித்து டப்பா உப்பும்.

அளவு எடுப்பதோடு இன்னொரு சோதனையும் உண்டு. டப்பாக்களை இரண்டு வாரம் அடுக்கி வைத்திருந்துவிட்டு, கன்டெய்னரில் ஏற்றும் முன்னால் முனையில் குண்டு வைத்த மெல்லிய கம்பியால் மூடியைத் தட்டிப் பார்ப்போம். நல்ல டப்பா கிண்ணென்று பேசும். காற்று புகுந்தது, ஈர மரத்தைத் தட்டினாற்போல் மந்தமாகப் பேசும். சத்தத்தைப் பிரித்துப் பார்க்க எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

ஆறாவது சீசனில் எனக்கு முப்பது வயது முடிந்தது. அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என்னோடு டப்பா தட்டும் சரோஜா, "இன்னாமே, பொறந்தநாளுக்கு இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டாள். அவளிடம் மூன்று சொன்னேன். சீசன் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பாத பர்மனென்ட் ஆளாக வேண்டும். பத்தாவது பாஸ் பண்ண வேண்டும். கவிதா அந்த டெம்போவில் ஏறக் கூடாது. சரோஜா சிரிக்கவில்லை. "மொதலாவது கெடச்சா மத்தது தானா வரும்மே" என்றாள்.

அதற்குப் பிறகு பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஊரிலிருந்து வந்த ஒருத்தி, கவிதாவுக்கு மூன்று நாளாக ஜுரம் என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தையை என் அம்மாவிடம் விட்டிருந்தேன். கேட்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு போன் போட்டால், அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் லைன் கிடைக்கவே நேரமாகும். வெளியே பழ லாரிகள் ரோடு வரை நின்றன. டப்பா மூடும் மெஷினை நிறுத்த முடியாது. எனக்குக் கிடைப்பதெல்லாம் இரண்டு சோதனைகளுக்கு நடுவே உள்ள நேரம்தான். நான்கு டப்பாவை அறுத்து அளந்தால் அந்த நேரமும் போய்விடும்.

பதினொரு மணி சோதனையில் ஒரே ஒரு டப்பாவை அறுத்தேன். அதன் ரீடிங்கை எழுதினேன். மற்ற மூன்றுக்கும் அதே எண்ணைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் எழுதிவிட்டு பூத்துக்கு ஓடினேன். பதினொன்றரைக்கும் அப்படியே. மூன்று மணி வரை அப்படித்தான். அதையே திருப்பி எழுதினால் தெரிந்துவிடும் என்று கூட்டிக் குறைக்கத் தோன்றியது பாருங்கள், அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க அது விடுவதில்லை.

மூன்று மணிக்கு அம்மா பேசினாள். ஜுரம் இறங்கிவிட்டது, கஞ்சி குடித்தாள் என்றாள். ஷிப்ட் மாறும்போது மெக்கானிக் வழக்கம்போல நான்கு தலைகளையும் சரி பார்த்து முறுக்கினான். நான் அந்த நாளை மறந்தே போனேன்.

இரண்டு வாரம் கழித்து வெளிநாட்டுக்குப் போக வேண்டிய கன்டெய்னர் யார்டில் வந்து நின்றது. காலையில் நானும் சரோஜாவும் அடுக்குகளைத் தட்டிக்கொண்டு போனோம். நடுவில் ஒன்று மந்தமாகப் பேசியது. எடுத்து ஓரம் வைத்தேன். சில டப்பா தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூடியில் அச்சடித்திருந்த குறியீட்டு எண்ணைப் பார்த்தேன். அந்த நாள், அந்த ஷிப்ட். கம்பி என் கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாமே நின்னுட்ட?" என்றாள் சரோஜா.

சொன்னேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"பேப்பர்ல எல்லாம் சரியா கீது இல்ல?"

"கீது. நான்தான எழுதனேன்."

"அப்ப உனுக்கு இன்னா? நாலஞ்சி டப்பாவ ஓரமா வச்சிடு. மீதி போவட்டும். எந்த ஊர்லயோ யாரோ துன்றான். பொண்ண நெனச்சிக்கினு வாய மூடிக்கினு இருமே."

அவள் கெட்டவள் இல்லை. என்மேல் உள்ள அக்கறையில் சொன்னாள். கொஞ்ச நேரம் அவள் சொன்னபடிதான் செய்தேன். இன்னும் ஒரு அடுக்கு தட்டினேன். அதிலும் மந்தமாக இரண்டு பேசின. எத்தனை இருக்கின்றன என்று எனக்கே தெரியவில்லை. யாரோ ஒரு வீட்டில் குழந்தைக்கு ஜூஸ் கலக்க அந்த டப்பாவைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். கம்பியைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டு லேப்புக்குப் போனேன்.

சார் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தார். தட்டினதில் மந்தமாக வருகிறது என்றேன். இன்குபேட்டரில் சூட்டில் வைத்திருந்த சாம்பிள் டப்பாக்கள் நன்றாக இருக்கின்றனவே என்றார். பிறகு என் கையெழுத்தில் இருந்த தாளை எடுத்துக் காட்டினார்.

"பேப்பர் கிளீனா இருக்குதேம்மா."

"அந்தப் பேப்பர் பொய் சார். ஒரு டப்பாதான் பாத்தேன். மூணு டப்பாவ நான் பாக்கல."

அவர் எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அன்றைக்கு ரொம்ப நேரம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எந்த டைம்லர்ந்து எந்த டைம் வரைக்கும்?"

"பதினோரு மணியிலர்ந்து மூணு வரைக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். அதுக்கு முன்னயும் பின்னயும் நாலு பாத்தேன்."

தேதியையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதினார். என்னைக் கூட்டிக்கொண்டு யார்டுக்கு வந்து, நான் ஒதுக்கிய டப்பாக்களில் மூன்றைத் துளைத்து வேக்குவம் பார்த்தார். மீட்டர் முள் பாதிக்கும் கீழே நின்றது. அவற்றின் விளிம்பை அவரே அறுத்து அளந்தார். மூன்றிலும் கவ்வல் குறைவு. மூடியில் பதிந்திருந்த தலை எண்ணும் மூன்றிலும் ஒன்றே. "இரண்டாவது தலை" என்றார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் அவரிடமே பேசினார். "ஏமய்யா, காலையில எல்லாம் ரெடின்னு சொன்னே. லாரி நிக்குது. அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பு, கன்டெய்னர ஏத்து."

"பொண்ண அனுப்பிடலாம் சார். கன்டெய்னர் போகாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கப்பல் போயிடும்யா!"

"அடுத்த வாரம் இன்னொரு கப்பல் இருக்குது. ரெண்டு நாள் குடுங்க. அந்த ஷிப்ட் டப்பா மொத்தத்தையும் இந்தப் பொண்ணு தட்டி எடுக்கட்டும். அப்புறம் அனுப்புங்க."

சார் என்னைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. என் தப்பைக் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு தைரியம் வந்தது. "ரெண்டு நாள்ல முடிச்சிடறேன் சார்" என்று நானே முதலாளியிடம் சொன்னேன். அவர் கையை ஆட்டினார். போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

நாலாயிரம் டப்பாவுக்கு மேல். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, திருப்பி அடுக்கினோம். சரோஜாவும் இன்னும் எட்டுப் பெண்களும் எடுத்துக் கொடுத்தார்கள். தட்டியது நான் மட்டும். சார் பக்கத்தில் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.  என் கை தயங்கும்போது மட்டும் "மள்ளீ" என்பார். மறுபடி தட்டுவேன். அப்போதும் சந்தேகமாக இருந்தால் ஒதுக்கிவிடுவேன். இரண்டாம் நாள் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கம்பியைக் கைக்குட்டையால் உள்ளங்கையோடு கட்டிக்கொண்டு தட்டினேன். வெளிச்சம் இருக்கும்போதே முடித்தேன். நானூறுக்கு மேல் ஒதுங்கியிருந்தன.

கம்பியையும் ஏப்ரனையும் லேப்பில் ஒப்படைத்துவிட்டுப் பையோடு கேட்டுக்கு வந்தேன். சார் அங்கே நின்றிருந்தார்.

"பொண்ணுக்கு ஜொரம் போச்சா?" என்றார்.

காரணத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. பூத்துக்காரரிடம் விசாரித்திருக்க வேண்டும். "போச்சு சார்" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த முருகேசன், சீசன் பாதியில் என்னை வாசலில் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். முழுதாகச் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாதத நீ இன்னாத்துக்குமே சொன்ன?"

"தட்டுனா கேக்குதுயா."

அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமை அவரோடு நானும் ரயில் ஏறினேன். அடுத்த வருஷம் கோடை வரும்வரை பெங்களூரில் செங்கல் சுமந்தேன். மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, பிறகு இன்னொன்று. சாரப் படியில் ஏறும்போதெல்லாம் சரோஜாவிடம் சொன்ன மூன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மூன்றும் முன்னைவிடத் தூரமாகப் போயிருந்தன. ஆனால் ஒன்றைக்கூட விட மனசு வரவில்லை.

ஏப்ரல் மாதம் ஊருக்கு சாரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. தெலுங்கில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தக் கன்டெய்னர் பிரச்சினை இல்லாமல் போய்ச் சேர்ந்தது, நான் ஒதுக்கியதில் முப்பத்தேழு டப்பா உப்பிவிட்டது, மீதி நன்றாக இருக்கிறது, சீமர் டேபிளுக்கு ஆள் வேண்டும், முதலாளியிடம் பேசியாகிவிட்டது, மே கடைசிக்கு முன் வர வேண்டும். கீழே தனியாக: நாலு டப்பா.

போனேன். முதலாளி என்னைப் பார்த்த முதல் நாள், "நல்ல டப்பா எல்லாத்தையும் ஒதுக்கினவ நீதானே?" என்றார். "ஆமா சார். மறுபடியும் அப்பிடித்தான் ஒதுக்குவேன்" என்றேன். சாருக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த அரைமணியிலும் நான் நான்கு டப்பாவுக்குக் குறைத்து எடுத்ததில்லை. காய்ச்சலோடு நின்ற நாளும் உண்டு. என் அம்மா இறந்த செய்தி வந்த அன்று கையில் இருந்த சோதனையை முடித்து, அடுத்தவளை நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

இரண்டு சீசன் கழித்து லேப்பில் பர்மனென்ட் ஆனேன். பத்தாவது லேசில் வரவில்லை. தமிழில் படித்த எனக்கு ஓப்பன் ஸ்கூலில் தெலுங்குப் புத்தகம் கொடுத்தார்கள். இரண்டு தரம் பெயிலாகி, மூன்றாவது தரம் பாஸ் செய்தேன். சார் அதற்குள் ரிட்டயர் ஆகித் திருப்பதியில் இருந்தார். மார்க் லிஸ்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தவர், சைன்ஸ் மார்க்கில் விரலை வைத்தார்.

"இது கம்மிம்மா. இன்டர் படி. அதுல சரி பண்ணு."

இன்டர் என்றால் பன்னிரண்டாவது. அதை மட்டும் அப்போது நான் செய்யவில்லை. கவிதாவைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. அவள் டெம்போவில் ஏறவில்லை. இன்றைக்குப் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வருஷங்கள் போயின. டிகிரி முடித்த கெமிஸ்டுகள் வந்தார்கள், போனார்கள். கன்டெய்னர் போகலாம் என்ற பேப்பரில் அவர்கள்தான் கையெழுத்துப் போட முடியும். நான் கடைசிவரை லேப் அசிஸ்டெண்ட்தான். என் ரிட்டயர்மெண்டுக்கு முந்தின வருஷம், வேக்குவம் குறைந்த டப்பாவைத் தானே தள்ளிவிடும் மெஷின் லைனில் வந்தது. வருத்தமாக இருக்கிறதா என்று புவனா கேட்டாள். வருத்தமே இல்லை. அந்த மெஷினுக்குக் குழந்தை ஜுரத்தில் கிடக்காது.

புவனா, போனைப் பிடித்து நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சாதனை என்று நீ சொன்னது எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஒருநாள் நான் பொய் எழுதினேன், இரண்டு வாரம் கழித்து அதைச் சொல்லவும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துத்தான் என்னைப் பற்றி நீ பேச வேண்டும். நான் கேட்ட மூன்றும் கிடைத்துவிட்டன. சார் சொன்ன ஒன்று பாக்கி இருக்கிறது. அறுபது வயதில் அது எதற்கு என்று முருகேசன்கூடக் கேட்டார். பாக்கி இருக்கிறது, அதனால்தான் என்றேன். போன வருஷமே ஓப்பன் ஸ்கூலில் இன்டர் சேர்ந்துவிட்டேன்.

நேற்று குப்பத்தில் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் வகுப்பு. என்னோடு நிற்பவர்களுக்கெல்லாம் என் பேத்தி வயது. லெக்சரர் அம்மாவுக்கு முப்பது இருக்கலாம். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் ஒரேயடியாக ஊற்றிவிட்டு, அடர் ரோஸ் நிறத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்கள். நான் குழாயைத் திருகி, கடைசி அரைச் சொட்டைக் கண்ணாடிக் குடுவையின் ஓரத்தில் தொட்டு இறக்கினேன். லேசான ரோஸ் வந்து அப்படியே நின்றது. மூன்று தரம் செய்தேன். மூன்றும் ஒரே அளவு.

லெக்சரர் குனிந்து பார்த்தார். "இவ்ளோ கரெக்டா எப்பிடிம்மா பண்றீங்க?"

"மாம்பழக் கூழுல புளிப்பு எவ்ளோன்னு பாக்க டெய்லி இத பண்ணிக்கினு இருந்தேன் மேடம். இருபத்தஞ்சு வருஷம்."

"அப்ப உங்களுக்கு எல்லாமே தெரியுமே. இங்க எதுக்கு வந்தீங்க?"

"எங்க நிறுத்தணும்னு தெரியும் மேடம். அது ஏன் ரோஸ் ஆவுதுன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல. அத தெரிஞ்சிக்கத்தான் வந்துகீறேன்."

அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார். நான் நோட்டைத் திறந்தேன்.